இரு முறை எரிந்த பட்டறை: லெகோவைத் தொடங்கிய தச்சரின் கதை

1942ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் திகதி இரவு, டென்மார்க்கின் பிலுண்ட் என்ற சிற்றூரில் ஒரு மரப்பட்டறை எரிந்து சாம்பலானது. அடுக்கி வைத்திருந்த பலகைகள், விற்பனைக்குத் தயாராக இருந்த விளையாட்டுச் சாமான்கள், இயந்திரங்கள் எல்லாம் போயின. அவற்றோடு பல வருடங்களாகச் சேர்த்த வரைபடங்களும் மாதிரிகளும் போயின. பட்டறை முதலாளி ஓலே கிர்க் கிறிஸ்டியான்சனுக்கு அப்போது 50 வயது. அவரது நாட்டை ஜேர்மன் படை பிடித்து இரண்டு வருடங்கள் ஆகப்போகும் நேரம் அது.

அந்த இரவுக்கு இருபது நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி காலையில், எங்கள் திருகோணமலை மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. இங்கே பழைய ஆட்கள் அந்த நாளைப் பற்றித் தங்கள் பெற்றோர் சொன்னதை இன்னும் சொல்வார்கள். பிலுண்ட் தீக்கும் சீனக்குடாத் தீக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் ஓலே கிர்க்கின் வாழ்க்கையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு திகதிகளும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. எரிந்த இடத்தில் மறுபடியும் கடை போடுவது என்றால் என்ன என்பது இந்தத் துறைமுக நகரத்துக்குத் தெரியும். எண்பதுகளில் ஒரு முறையும் 2004 கடல்கோளுக்குப் பிறகு இன்னொரு முறையும் அதே இடத்தில் கதவு நிலை வைத்தவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஒரு டேனிஷ் தச்சரைப் பற்றி நான் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். எனக்குக் கட்டை ரயில் பைத்தியம். லெகோ கட்டைகளால் ரயில் பெட்டி கட்டி, அதற்கு மோட்டர் பூட்டி, தானாக ஓடவும் நிற்கவும் வைக்கும் பொழுதுபோக்கு அது. இந்த நாட்டில் அது மலிவான விஷயம் அல்ல. என்னிடம் இருப்பதில் பாதிக்கு மேல் லண்டனிலும் கனடாவிலும் உள்ள சொந்தக்காரப் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்டவை. விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில், சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே வந்து சேர்ந்தவை. சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துச் சிறுவர்கள் வந்து சுற்றி உட்காருவார்கள். பெரியவர்கள் வாசலில் நின்று, இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டுவிட்டு, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் போவார்கள். ஓலே கிர்க்கிடமும் ஏறக்குறைய அதே கேள்வியைத்தான் அவருடைய கூடப்பிறந்தவர்களே கேட்டார்கள்.

அவர் 1891 ஏப்ரல் 7ஆம் திகதி, யூட்லாந்துக் குடாநாட்டில், ஃபில்ஸ்கோவ் என்ற கிராமத்துக்கு அருகே பிறந்தவர். ஏழைக் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள், அவர் பத்தாவது. மணலும் புதரும் நிறைந்த அந்தப் பூமியில் விளைச்சல் குறைவு. சிறு பையனாக இருக்கும்போதே மேய்ச்சலுக்குப் போனார். பதினான்கு வயதளவில் மூத்த சகோதரரிடம் தச்சுவேலை பழகினார். பிறகு ஜேர்மனியிலும் நோர்வேயிலும் வேலை பார்த்தார். நோர்வேயில் சந்தித்த கிறிஸ்டீனை 1916இல் மணம் முடித்தார். அதே ஆண்டு பிலுண்டில் விலைக்கு வந்த ஒரு தச்சுப் பட்டறையை வாங்கினார். அந்தக் காலத்துப் பிலுண்ட் ஊர் என்று சொல்லும் அளவுக்குக்கூடப் பெரியது இல்லை. சில வீடுகள், ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் பண்ணைகள்.

கதவு, ஜன்னல், அலுமாரி, பண்ணை வீட்டுக் கூரை வேலை, தேவாலய வேலை என்று எது கிடைத்தாலும் செய்தார். நம் ஊர்த் தச்சர்களைப் போலத்தான்: கோடையில் வீட்டு வேலை, வேலை குறைந்த மாதங்களில் தளபாடம். நான்கு ஆண் பிள்ளைகள் பிறந்தார்கள்: யொஹானஸ், கார்ல் கியோர்க், கொட்பிரட், கெர்ஹார்ட்.

முதல் தீ 1924இல். சின்னப் பையன்களான கார்ல் கியோர்க்கும் கொட்பிரட்டும் பட்டறைக்குள் நெருப்பு மூட்ட, அது மரச்சீவல் குவியலில் பற்றிக்கொண்டது. பட்டறையும் வீடும் சேர்ந்து போயின. தகப்பன் செய்தது என்னவென்றால், முன்னதை விடப் பெரிய கட்டடமாகக் கட்டினார். கையில் காசு இருந்ததால் அப்படிக் கட்டவில்லை, கடன்தான். அவருடைய குணத்தில் இது ஒரு தொடர்ச்சியான அம்சம். கணக்குப் பார்த்து நடக்கும் மனிதர் என்று அவரைச் சொல்லவே முடியாது. வங்கிக்காரர் அவரைக் கண்டாலே பயந்திருப்பார் என்று எனக்குப் படுகிறது.

1929க்குப் பிறகு உலகப் பொருளாதாரம் விழுந்தது. டேனிஷ் விவசாயிகளின் வெண்ணெய்க்கும் பன்றி இறைச்சிக்கும் விலை இல்லை. விவசாயியிடம் காசு இல்லாவிட்டால் தச்சருக்கு வேலை இல்லை. ஓலே கிர்க் ஆட்களை ஒவ்வொருவராக நிறுத்த வேண்டி வந்தது. வீடு கட்ட ஆள் இல்லாதபோது சிறிய சாமான்களுக்குத் திரும்பினார்: ஏணிப்படி, துணி தேய்க்கும் பலகை, பிறகு மர விளையாட்டுச் சாமான்கள். இது 1932இல் நடந்தது. அதே ஆண்டில் கிறிஸ்டீன் இறந்துபோனார். கடைசிப் பையனுக்கு ஆறு வயது. வேலையும் இல்லை, மனைவியும் இல்லை, நான்கு பிள்ளைகள், கடன். லெகோவின் தொடக்க ஆண்டு என்று உலகம் கொண்டாடும் 1932 அந்த வீட்டுக்குள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு மொத்த வியாபாரி வந்து பெரிய ஓடர் கொடுத்தார். பட்டறை உற்சாகமாக வேலை செய்தது. சாமான் முடிவதற்குள் அந்த வியாபாரி வங்குரோத்து ஆகிவிட்டார். ஓலே கிர்க் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தானே ஊர் ஊராக விற்கப் போனார். காசுக்குப் பதிலாகச் சாப்பாட்டுச் சாமான் வாங்கிக்கொண்டு வந்த நாட்களும் உண்டு. கடன் நெருக்கியபோது சகோதரர்களும் சகோதரிகளும் பிணை நின்றார்கள். ஆனால் முகம் சுழித்துக்கொண்டுதான் நின்றார்கள். இதைவிட உபயோகமான ஒன்றைச் செய்யக்கூடாதா என்பது அவர்களுடைய எண்ணம். ஒரு திறமையான தச்சன், நாலு பிள்ளைகளின் தகப்பன், மர வாத்துக்குச் சில்லுப் பூட்டிக்கொண்டு இருக்கிறான் என்றால் யாருக்குத்தான் அப்படித் தோன்றாது?

அந்தக் காலத்தில் யோ-யோ ஒரு காய்ச்சல் மாதிரிப் பரவியது. பட்டறை ஆயிரக்கணக்கில் செய்தது. காய்ச்சல் திடீரென்று இறங்கிவிட, மிச்சம் குவிந்தது. ஓலே கிர்க் அவற்றை இரண்டாகப் பிளந்து விளையாட்டு லொறிகளுக்குச் சில்லாக்கினார். பனங்காயைச் சில்லாக்கி வண்டி ஓட்டிய நம் பிள்ளைகளுக்கு இந்தப் புத்தி புதிது இல்லை.

1934இல் நிறுவனத்துக்குப் பெயர் வேண்டியிருந்தது. வேலையாட்களிடையே போட்டி வைத்தார். பரிசு, அவரே வீட்டில் செய்த ஒரு போத்தல் வைன். நன்றாக விளையாடு என்று பொருள் வரும் இரண்டு டேனிஷ் சொற்களின் தொடக்க எழுத்துகளைச் சேர்த்து லெகோ என்ற பெயரைத் தானே முன்வைத்தார், அதுவே தேர்வானது. போட்டி வைத்தவரே வென்றுவிட்டார்! அதே வருடம் சோஃபி என்ற பெண்ணை மறுமணம் செய்தார். உல்லா என்ற மகள் பிறந்தாள்.

மர வாத்துக் கதையைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. இழுத்தால் அலகு திறந்து மூடும் வாத்து அது. ஒரு நாள் கொட்பிரட் வாத்துப் பெட்டிகளை ரயில் நிலையத்தில் அனுப்பக் கொடுத்துவிட்டு வந்து, இன்று பட்டறைக்குக் காசு மிச்சம் பிடித்தேன் என்ற மகிழ்ச்சியோடு தகப்பனிடம் விஷயத்தைச் சொன்னான். வழக்கமாக மூன்று முறை பூசும் வார்னிஷை இரண்டு முறையோடு நிறுத்தியிருந்தான். தகப்பன் அவனைத் திருப்பி நிலையத்துக்கு அனுப்பினார். பெட்டிகளைக் கொண்டு வந்து, பிரித்து, மூன்றாவது பூச்சுப் பூசி, மறுபடி கட்டி, மறுபடி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். உதவிக்கு ஆள் கிடையாது, இரவு முழுக்க இருந்தாலும் முடிக்க வேண்டும். கொட்பிரட் முடித்தான். பிற்பாடு தரத்தில் ஒருபோதும் குறைவு வைக்கக்கூடாது என்ற கருத்தில் ஒரு வாசகத்தைப் பலகையில் செதுக்கிப் பட்டறையில் மாட்டியதும் அவன்தான்.

நிறுவனங்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் இந்த மாதிரிக் கதைகளை நான் சந்தேகத்தோடு பார்க்கிறவன். ஆனால் இதை நம்புவதற்கு என்னிடம் ஒரு பௌதிகக் காரணம் இருக்கிறது. என்னிடம் உள்ள மிகப் பழைய கட்டைகளும் மிகப் புதிய கட்டைகளும் ஒன்றோடொன்று பூட்டுகின்றன. அறுபதுகளிலிருந்து இன்று வரை ஒரே பிடி, ஒரே இறுக்கம். பூட்டினால் கழன்று விழக்கூடாது, ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் விரலுக்குக் கழற்ற முடிய வேண்டும். மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கு அளவில் கவனம் வைத்தால்தான் அது நடக்கும். மூன்றாவது வார்னிஷ் பூச்சைக் கேட்ட மனிதரின் பிடிவாதம் அச்சு இயந்திரத்துக்குள் போய் உட்கார்ந்த மாதிரி.

1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மனி டென்மார்க்கைப் பிடித்தது. வெளிநாட்டு விளையாட்டுச் சாமான் வருவது நின்றது. உலோகமும் ரப்பரும் விளையாட்டுச் சாமானுக்குக் கிடையாது என்றானது. எனவே மரச் சாமானுக்குக் கேள்வி கூடியது. யுத்தம் ஒரு பக்கம் கழுத்தை நெரிக்க, மறுபக்கம் அந்தச் சின்னப் பட்டறை வளர்ந்தது. அப்போதுதான் 1942 தீ. இந்த முறை ஓலே கிர்க் உண்மையிலேயே விட்டுவிடலாமா என்று யோசித்தார். ஐம்பது வயது, இரண்டாவது தீ. விடாததற்கு ஒரு காரணம் பிள்ளைகள். இன்னொன்று, அந்த ஊரில் அவரை நம்பி இருந்த வேலையாட்கள். புதிய கட்டடத்தை வரிசை உற்பத்திக்கு ஏற்றவாறு கட்டினார். ஒரு முனையில் பலகை உள்ளே போகும், மறு முனையில் பெட்டியாக வெளியே வரும். 1944இல் அது பதிவு செய்யப்பட்ட கொம்பனியானது.

யுத்தம் முடிந்த கையோடு அவர் செய்த காரியம்தான் பெரிய சூதாட்டம். கோபன்ஹேகனில் பிளாஸ்ரிக்கை உருக்கி அச்சில் செலுத்தும் பிரித்தானிய இயந்திரம் ஒன்றைப் பார்த்தார். விலை 30,000 குரோனர். கொம்பனி ஓராண்டில் உழைத்த இலாபம் அதற்குப் போதாது. வீட்டில் எல்லோரும் எதிர்த்தார்கள். மரத்தில் கை தேர்ந்த பட்டறைக்கு இந்த எரிந்த மணமுள்ள சாமான் எதற்கு? அவர் 1946இல் ஓடர் கொடுத்துவிட்டார். மரத்தைத் தொட்டு வளர்ந்த தச்சர், ஐம்பத்தைந்து வயதில், மரம் அல்லாத ஒன்றின் மீது எல்லாவற்றையும் வைக்கிறார். அவருடைய வாழ்க்கையில் என்னை அதிகம் ஆச்சரியப்படுத்தும் இடம் தீயும் அல்ல, வாத்தும் அல்ல, இதுதான்.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் எழுதியாக வேண்டும். இயந்திரத்தோடு சில மாதிரிகள் வந்தன. அவற்றில் ஒன்று, மேலே குமிழ் வைத்த ஒரு சிறிய பிளாஸ்ரிக் கட்டை. அது கிடிகிராஃப்ட் என்ற ஆங்கிலேய நிறுவனத்துடையது. குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி ஆழமாக யோசித்த ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் உருவாக்கி, பிரித்தானியாவில் காப்புரிமையும் எடுத்தது. ஓலே கிர்க்கும் கொட்பிரட்டும் அதில் சில மாற்றங்கள் செய்து 1949இல் தங்கள் கட்டையை வெளியிட்டார்கள். பேஜ் 1957இல் இறந்துபோனார். அந்தக் கட்டையின் உரிமையை லெகோ நிறுவனம் முறைப்படி வாங்கியது 1981இல்தான். சிறுவர்களுக்குச் சொல்லப்படும் கதைகளில் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது என்பது என் கருத்து. வாத்துக்கு மூன்றாவது பூச்சுக் கேட்ட நேர்மையான மனிதர், இன்னொருவரின் யோசனையை எடுத்துத் தன் அச்சில் வார்த்தார் என்பதும் அதே வாழ்க்கைதான். காப்புரிமை டென்மார்க் வரைக்கும் நீளவில்லை என்று சட்டம் பேசுகிறவர்கள் பேசலாம். ஒரு கைவினைஞர் இன்னொரு கைவினைஞருக்குக் கொடுக்க வேண்டியது சட்டத்தை விடக் கொஞ்சம் அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

முதல் கட்டைகள் நன்றாக விற்கவும் இல்லை. உள்ளே வெறும் குழியாக இருந்ததால் சரியாகப் பிடிக்கவில்லை. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் விழும். ஐம்பதுகளில் ஓலே கிர்க்கின் உடல் நலம் குறைந்தது. பொறுப்பு மெல்ல மெல்லக் கொட்பிரட்டின் கைக்குப் போனது. 1954இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் கொட்பிரட் ஒரு பெரிய கடையின் கொள்வனவாளரோடு பேச்சுக் கொடுத்தார். விளையாட்டுச் சாமான் வியாபாரத்தில் ஒரு ஒழுங்கு முறையே இல்லை என்று அந்த மனிதர் குறைப்பட்டார். அந்தப் பேச்சு கொட்பிரட்டின் மண்டைக்குள் தங்கிவிட்டது. ஒரு பெட்டி வாங்கினால் அடுத்த பெட்டியும் அதோடு சேர வேண்டும், இந்த வருடச் சாமான் பத்து வருடம் கழித்து வருவதோடும் பொருந்த வேண்டும். 1955இல் தெரு, வீடு, வாகனம் எல்லாம் சேர்ந்த நகரத் தொகுதியோடு அந்த முறை தொடங்கியது. கட்டைக்கு உள்ளே குழாய்கள் வைத்து, மேல் குமிழைக் கீழ்க் குழாய் இறுக்கிப் பிடிக்கும் அமைப்புக்கு 1958 ஜனவரி 28ஆம் திகதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்.

ஓலே கிர்க் 1958 மார்ச் 11ஆம் திகதி இறந்தார். 66 வயது. காப்புரிமை விண்ணப்பத்துக்கும் மரணத்துக்கும் இடையில் ஆறு வாரம். தன் கட்டை ஒழுங்காகப் பிடிக்கத் தொடங்கியதை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். 1960இல் மரச்சாமான் பகுதி மறுபடியும் எரிந்தது. இந்த முறை கொட்பிரட் அதைத் திரும்பக் கட்டவில்லை. மரத்தைக் கைவிட்டுப் பிளாஸ்ரிக்கோடு போவதென்று முடிவெடுத்தார். மர வேலையைத் தொடர விரும்பிய சகோதரர்கள் பிரிந்து போனார்கள். தகப்பன் உயிரோடு இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? இரண்டு தடவை எரிந்ததையும் இரண்டு தடவை கட்டியவர் அவர். மூன்றாவது தடவையும் கட்டியிருப்பார் என்றுதான் என் ஊகம். அது வியாபாரத்துக்கு நல்லதாக இருந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

இனி ரயிலுக்கு வருகிறேன். ஓலே கிர்க்கின் பட்டறை தொடக்கத்திலேயே இழுத்து விளையாடும் மர ரயில்கள் செய்தது. ஆனால் மோட்டர் பூட்டிய கட்டை ரயில் வந்தது அவர் இறந்து எட்டு வருடம் கழித்து, 1966இல். நீலத் தண்டவாளம். ஒன்றரை வோல்ட் பற்றரி மூன்றில் ஓடும் 4.5 வோல்ட் மோட்டர். 1968இல் வந்த ஒரு ரயிலுக்கு விசில் ஊதினால் கேட்கும். ஊதினால் ஓடும், ஊதினால் நிற்கும். கணினி என்ற சொல்லையே பெரும்பாலானோர் கேள்விப்படாத காலத்தில், தானியங்கி ரயில் என்ற ஆசைக்கு அது தொடக்கம். பிறகு வீட்டு மின்சாரத்திலிருந்து எடுக்கும் 12 வோல்ட் ரயில் வந்தது. 1980இல் அதற்கு இருந்த இடத்திலிருந்தே இயக்கும் சமிக்ஞை விளக்கு, பாதை மாற்றி, ரயில் கடவை எல்லாம் சேர்ந்தன. 1991இல் தண்டவாளத்தின் உலோகத்திலேயே 9 வோல்ட் மின்சாரம் ஓடியது. இன்றைக்குப் பெட்டிக்குள் பற்றரியும் புளூடூத்தும்.

இத்தனை மாற்றத்திலும் ஒன்று மட்டும் மாறவில்லை. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலான அகலம், சுமார் 37.5 மில்லிமீட்டர். 1966இல் வாங்கிய பெட்டி இன்றைய தண்டவாளத்தில் ஓடும். கப்பலில் நடந்த அந்தப் பேச்சின் பலன் இது. எங்கள் இலங்கை ரயில் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். வகுத்துப் பார்த்தால் கட்டை ரயில் நிஜ ரயிலின் 45இல் ஒரு பங்கு. ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மில்லிமீட்டர். எட்டுக் குமிழ் அகலத்தில் பெட்டி கட்டினால் 64 மில்லிமீட்டர், 45ஆல் பெருக்கினால் 2.88 மீட்டர். கொழும்பு கோட்டையிலிருந்து இரவில் புறப்பட்டு விடியற்காலையில் எங்கள் ஊருக்கு வந்து சேரும் மெயில் ரயிலின் பெட்டிக்கு அது கிட்டத்தட்டச் சரியான அகலம். ஐரோப்பியர்கள் பெரும்பாலும் ஆறு குமிழில் கட்டினார்கள். நமக்கு எட்டுத்தான் சரி.

கடல் காற்று எங்களுக்கு ஒரு தொல்லை. துறைமுகத்தை ஒட்டிய வீடுகளில் உப்பு எல்லாவற்றையும் தின்னும். உலோகத் தண்டவாளமுள்ள 9 வோல்ட் முறை இங்கே அடிக்கடி துடைக்காமல் ஓடாது. மழிமட்டமான பருத்தித் துணியும் கொஞ்சம் மதுசாரமும் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் பற்றரி வைக்கும் முறையில் தண்டவாளம் வெறும் பிளாஸ்ரிக், உப்புக்கு அதில் வேலை இல்லை. பற்றரி முனைகளை மட்டும் மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். 2022இல் மணிக்கணக்கில் மின்சாரம் நின்ற நாட்களில் என் வீட்டில் ஓடிய ஒரே இயந்திரம் அதுதான். சின்னப் பற்றரி ஆறு போட்டால் 9 வோல்ட். திரும்பச் சார்ஜ் செய்யும் பற்றரி ஒன்றுக்கு 1.2 வோல்ட் என்பதால் மொத்தம் 7.2தான் வரும், ரயில் கொஞ்சம் நிதானமாக ஓடும். நிதானமாக ஓடுவது நல்லது என்பேன். பிலுண்டிலிருந்து வந்த ரயிலும் திருகோணமலை ரயிலைப் போல ஓடினால்தானே அழகு?

தானாக ஓட வைப்பதில் உள்ள சூட்சுமம் மோட்டரில் இல்லை, நிறம் பார்க்கும் உணரியில் இருக்கிறது. அதைப் பெட்டியின் அடியில் கீழ்நோக்கிப் பூட்ட வேண்டும். தண்டவாளத்துக்கு நடுவே ஓரிடத்தில் சிவப்புத் தட்டு, இன்னோரிடத்தில் பச்சைத் தட்டு. சிவப்பைக் கண்டால் நில், பத்து வினாடி கழித்துப் புறப்படு, பச்சையைக் கண்டால் வேகத்தைக் குறை என்று சின்ன நிரலாக எழுதிவிடலாம். பைபிரிக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதற்கு இருக்கிறது, பத்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டு சனிக்கிழமையில் பழகிவிடும். ஒரு கணக்கை மட்டும் மறக்கக்கூடாது. ரயில் வினாடிக்கு 50 சென்ரிமீட்டர் ஓடுகிறது, உணரி வினாடிக்கு இருபது தடவை பார்க்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு பார்வைக்கு இடையில் ரயில் 2.5 சென்ரிமீட்டர் போய்விடும். இரண்டு குமிழ் நீளத் தட்டு 1.6 சென்ரிமீட்டர்தான். அதைப் பார்க்காமலே தாண்டிவிடலாம். நான்கு குமிழ் நீளத்தில் வைத்தால் 3.2, தப்பாது. ஏன் சில நேரம் நிற்கிறது, சில நேரம் நிற்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பையன்களிடம் நான் முதலில் அளவுகோலைத்தான் கொடுப்பேன்.

இரண்டு ரயிலை ஒரே வட்டத்தில் மோதாமல் ஓட்டுவது அடுத்த படி. இதற்கு நம் நாட்டு ரயில் பாதையே பாடம் சொல்லும். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம். அதற்கான அனுமதி டப்லட். பெரிய வளையத்தில் கோத்து நிலையத்திலிருந்து சாரதியின் கைக்குக் கொடுப்பதை ரயிலில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த வளையம் கையில் இல்லாமல் ரயில் நகராது. வட்டத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வளையம் என்று நிரலில் எழுதினால் போதும், இரண்டு ரயிலும் ஒன்றையொன்று முட்டாமல் மணிக்கணக்கில் ஓடும். இதை விளக்கியபோது ஒரு பையன், அப்படியானால் ஸ்டேசன் மாஸ்டர் இந்தத் தொலைபேசிக்குள்ளா இருக்கிறார், மாமா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

கொட்பிரட் 1995 வரை வாழ்ந்தார். பற்றரி ரயில், 12 வோல்ட், 9 வோல்ட் எல்லாவற்றையும் பார்த்தார். பிலுண்டில் 1968இல் திறந்த லெகோலாந்துப் பூங்காவில் சின்ன ரயில் ஒன்றும் ஓடியது. ஓலே கிர்க் கட்டிய வீடு, வாசலில் இரண்டு கற்சிங்கங்களோடு, அந்த ஊரில் இன்னும் நிற்கிறது. 1924இல் பையன்கள் மரச்சீவலில் வைத்த நெருப்புக்குப் பிறகு, கடன் வாங்கிக் கட்டியது.